கடைசிப் பத்தியில் அம்மா சாக வேண்டும்

விடுதி,
ஜனவரி 11

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால், "ஏன், சாகக் கிடக்கிறேன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்பாய். அதனால் கேட்கவில்லை.

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். அரையாண்டுத் தேர்வில் எல்லாம் தேறிவிட்டேன், ஆங்கிலம் தவிர. அதிலும் கட்டுரைதான் என்னைக் கவிழ்த்தது. 'ஒரு மழைநாள்' என்று தலைப்பு. மழை பெய்தது, நனைந்தேன், வீட்டுக்கு வந்தேன் என்று எழுதிய பிறகு எனக்கு மேலே ஓடவில்லை. தமிழில் என்றால் பக்கம் பக்கமாக நனைவேன். ஆங்கிலத்தில் மழை பெய்தால் வாய் அடைத்துப் போகிறது.

இப்போது நல்ல செய்தி. எங்களுக்கு ஆங்கிலக் கட்டுரை நடத்த ஒரு சார் வருகிறார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'கண்ணீர் சார்'. அவர் அழமாட்டார். "திருத்துறவங்க கண்ணுல தண்ணி வரணும். தண்ணி வந்தா மார்க் வரும்" என்று தினமும் சொல்வார், அதனால் அந்தப் பெயர். 'நான் மதிக்கும் மனிதர்' என்று எல்லோரையும் எழுதச் சொன்னார். நான் உன்னைப் பற்றி எழுதினேன். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு, நீ துவைக்கிற விரிப்புகள், மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகி வீட்டிலும் அதே சத்தத்தில் பேசுவது, எல்லாம். சார் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல சரக்கு இருக்கு" என்றார். திருத்தி, அச்சடித்து, இறுதித் தேர்வுக்கான மாதிரிக் கட்டுரை என்று வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டார். அந்தப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பத்திரமாக வைத்துக்கொள், அது போதும். யாரிடமும் கொடுத்துப் படித்துக் காட்டச் சொல்லாதே. சார் அங்கே இங்கே கொஞ்சம் மாற்றியிருக்கிறார், கட்டுரைக்காக.

போனைத் தேர்வு முடியும் வரை வாசலிலேயே வாங்கிப் பூட்டிவிட்டார்கள், ஆகவே கடிதம்தான். காலுறை ஒரு ஜோடி அனுப்பு. காலையில் தரையில் கால் வைக்க முடியவில்லை.

அன்புடன்,
எலி


வீடு,
ஜனவரி 19

அடி எலி,

காலுறை அனுப்பவில்லை. செத்துப் போனவள் எப்படிக் காலுறை அனுப்புவாள்?

உன் காகிதம் வந்த அன்று நான் பட்ட பெருமையை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. யாரிடமும் காட்டாதே என்று நீ எழுதியதை, பெண் கூச்சப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சலவைப் பிரிவு மொத்தத்தையும் கூட்டிவிட்டேன். இஸ்திரி போடுகிறவர், வண்டி தள்ளுகிற அக்கா, எல்லோரும் துவைத்த மூட்டைகள் மேலேயே ஏறி உட்கார்ந்தார்கள். பெரிய நர்ஸ் தன் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, வரி வரியாகப் படித்து அர்த்தம் சொன்னார்.

முதல் பத்தி நன்றாகத்தான் இருந்தது. இருட்டோடு எழுந்திருக்கிறேன், மாடாக உழைக்கிறேன். சரி. அடுத்த பத்தியில் எனக்கு இருமல் வந்தது. "எப்பலேர்ந்து உனக்கு இருமல்?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். அதற்கடுத்து நான் ரத்தம் கக்கினேன். பெரிய நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேல படிங்க சிஸ்டர்."

"வேணாம்க்கா."

"ஏன், என்ன ஆச்சு?"

"நீங்க... இறந்துட்டீங்க."

இஸ்திரிக்காரர்தான் முதலில் சிரித்தார். "அப்போ நாளைக்கு உன் மெஷினை யாரு ஓட்டறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்க்குக்காகத்தானே, செத்தால் செத்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பக்கம் தோன்றவும் செய்தது.

ஆனால் பெரிய நர்ஸின் விரல் நடுவில் ஒரு வரியைத் தாண்டிப் போனதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது, கண் தெரியும். "அதுல என்ன இருக்கு, அதையும் சொல்லுங்க" என்று விடாமல் கேட்டேன். சொன்னார். 'நோயாளிகள் தட்டில் மிச்சம் வைத்த எச்சிலைத் தின்று என் தாய் என்னை வளர்த்தாள்.'

அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. வண்டி தள்ளுகிற அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டார். என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இத்தனை வருஷமாக ரத்தம், சீழ், வாந்தி, மலம் தோய்ந்த விரிப்புகளைக் கையால் பிரித்துப் போடுகிறேன். ஒரு நாளும் எனக்குக் குமட்டியதில்லை. மனுஷ உடம்பு அப்படித்தான் இருக்கும். தண்ணீரைத் திறந்துவிட்டால் போய்விடும். உன் காகிதத்தைக் கேட்டபோது குமட்டியது. கதை விடவில்லை, நிஜமாகவே எழுந்து போய்ச் சாக்கடை ஓரம் நின்றேன். தூ!

அது பிரிக்காத பிஸ்கட் பாக்கெட்டடி. உடம்பு தேறி வீட்டுக்குப் போன ஒரு அம்மாள், "உங்க பொண்ணுக்குக் குடுங்க" என்று என் கையில் திணித்துவிட்டுப் போனது. நாம் இரண்டு பேரும் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து அதைத் தின்றோம். 'ஆஸ்பத்திரி விருந்து' என்று பெயர் வைத்ததே நீதான். அது எப்படி எச்சில் ஆயிற்று? உன்னையும் என்னையும் தவிர அந்தப் பாக்கெட் யாருக்குத் தெரியும்?

உன் அப்பா நிஜமாகவே செத்தார். அவருக்கு அதில் ஒரு வரி இல்லை. குத்துக்கல் மாதிரி இருக்கிற என்னைப் பிடித்துச் சாகடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கண்ணீர் சாரை நான் பார்க்க வேண்டும். மாதக் கடைசி ஞாயிறுதானே வீட்டு ஆட்கள் வந்து பார்க்கிற நாள்? வருகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அம்மா


விடுதி,
ஜனவரி 24

அம்மா,

தயவுசெய்து வராதே. கோபம் தீர எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. வராதே.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சார் என் கட்டுரையைப் படித்துவிட்டு, "நல்லாதான் இருக்கு, ஆனா கஷ்டம் பத்தல" என்றார். அப்பா இறந்துவிட்டார் சார் என்றேன். "அப்பா சாவுக்கு இப்ப மதிப்பில்லம்மா. போன வருஷம் எல்லாரும் அப்பாவைத்தான் சாகடிச்சாங்க. அம்மாவைக் கொண்டா" என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து நான் சிரித்தேன். அவர் பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். "சாப்பாட்டுக்கு ஏதாவது திண்டாட்டம்?" என்று கேட்டார். நான் பிஸ்கட் பாக்கெட்டைச் சொன்னேன். நீ சொல்வது போலவே சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், 'ஆஸ்பத்திரி விருந்து' என்றுகூடச் சொன்னேன். அவர் எழுதியது எச்சில் என்று. எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் தடவையாக என் கட்டுரையை ஒருவர் பாராட்டுகிறாரே என்று வாயை மூடிக்கொண்டேன்.

இங்கே நடக்கிற கூத்தை நீ கேட்டால் இன்னொரு தடவை சாக்கடை ஓரம் போவாய். அந்த ஒரு கட்டுரை எல்லாத் தலைப்புக்கும் பொது. "தலையை மட்டும் மாத்து, உடம்பு ஒண்ணுதான்" என்பது சாரின் கணக்கு. ரயில் பயணம் என்று கேட்டால், சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க ரயிலில் போக வேண்டும். நூலகத்தின் பயன் என்றால், எனக்குப் புத்தகம் வாங்கித் தரத்தான் அம்மா ஓயாமல் உழைத்துச் செத்தாள். காற்று மாசு என்றால் கேட்கவே வேண்டாம், புகையில் நேராகவே செத்துவிடலாம். விளையாட்டின் அவசியம் என்று வந்தால் என்ன சார் செய்வது என்று ஒருத்தி கேட்டாள். சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "உடற்பயிற்சி செய்யாததால் என் தாய் நோயில் விழுந்தாள்" என்றார். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள்.

தினமும் விடியற்காலையில் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து உன்னைச் சத்தமாக மனப்பாடம் செய்கிறோம். ஒருத்தி தலை வாரிக்கொண்டே உன்னை இருமவிடுகிறாள். இன்னொருத்தி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டே ரத்தம் கக்க வைக்கிறாள். கடைசிப் பத்தி வந்ததும் குரலை இறக்க வேண்டும், அப்படிச் சொன்னால்தான் மறக்காது என்று உத்தரவு. அத்தனை பேரும் சேர்ந்து குரலை இறக்குவார்கள். உடனே காலைச் சாப்பாட்டுக்கு மணி அடிக்கும். தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். எனக்குச் சோறு இறங்குவதில்லை.

என் அடுத்த கட்டில்காரிக்கு நிஜமாகவே அம்மா இல்லை. போன வருஷம் போய்விட்டார். அவள் சாரிடம் போய், "எனக்கு மட்டும் வேற கட்டுரை குடுங்க சார்" என்று கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்து, "உனக்குத்தாம்மா இது ஈஸியா வரும்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, அம்மா. அவள் திரும்பி வந்து என்னிடம் சொன்னது: "செத்த வீட்ல யாரும் இவ்ளோ பேச மாட்டாங்க."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே எல்லோரும் அதை நிஜம் என்று நம்புகிறார்கள். மாணவி எழுதிய உண்மைக் கதை என்று சார் மேலே போட்டுவிட்டார். வார்டன் என்னைத் திட்டுவதில்லை. சமையல் அக்கா எனக்கு மட்டும் கரண்டி நிறையப் போடுகிறார். முதல் நாளே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது நீ வந்து வாசலில் நின்றால் நான் என்ன செய்வேன்?

வராதே அம்மா. தேர்வு முடியட்டும். உன் காலில் விழுகிறேன்.

எலி


வீடு,
பிப்ரவரி 3

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதிக்கொள்வது. ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

நீ வராதே என்று எழுதிய பிறகும் நான் வந்தது தப்புத்தான். காலை வேலை முடித்து, உடை மாற்றினால் பஸ் போய்விடும் என்று சலவைப் பிரிவு நீலக் கோட்டோடு ஏறினேன். அதுவும் தப்பாக இருக்கலாம். வாசலில் காவலாளி, "யாரு நீங்க, என்ன உறவு?" என்றார். "அவளையே கூப்பிட்டுக் கேளுங்க" என்றேன், பெருமையாக. நீ வந்தாய். உன் பின்னால் தோழிகள் வந்தார்கள். நீ என் கோட்டைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய், பிறகு காவலாளியைப் பார்த்துச் சொன்னாய்.

"அத்தை."

எனக்குக் காது கேட்காமல் போய்விட்டதோ என்று நினைத்தேன். மெஷின் ஓடுகிற இடத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அது வரக்கூடிய நோய்தான். ஆனால் நன்றாகக் கேட்டது.

உன் தோழிகள் நல்ல பிள்ளைகள். ஒருத்தி ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள். "உங்க அண்ணி ரொம்பக் கஷ்டப்பட்டாங்க இல்ல அத்தை?" என்றாள். என் சாவுக்கு என்னிடமே துக்கம் விசாரித்தாள். உலகத்தில் வேறு யாருக்காவது இந்தக் கொடுப்பினை கிடைத்திருக்குமா? நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உன் காதெல்லாம் சிவந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஆமாம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டா. வாய்தான் கொஞ்சம் நீளம், மத்தபடி நல்லவ" என்றேன்.

நான் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறாயா? பஸ் டிக்கெட்டுக்கு உன் வயதைக் குறைத்துச் சொல்லச் சொன்னபோதுகூட மாட்டேன் என்றவள். அன்றைக்குச் சொன்னேன். வாயெல்லாம் கசந்தது. வழி நெடுக ஜன்னலில் துப்பிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர், எனக்குத் தலை சுற்றுகிறது போல என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

உன் சாரைப் பார்க்கவில்லை. அவரிடம் சண்டை போட அம்மாவுக்குத்தான் உரிமை. அத்தைக்கு என்ன இருக்கிறது? காலுறையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு ஜோடி.

இப்படிக்கு,
உன் அத்தை


விடுதி,
பிப்ரவரி 8

அம்மா, அம்மா, அம்மா,

எத்தனை தடவை எழுதினாலும் அன்றைக்கு ஒரு தடவை சொல்லாததற்கு ஈடாகாது. தெரியும்.

நான் கோட்டைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்று நினைக்கிறாய். அது இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாதி அதுவும்தான். அந்தக் கட்டுரையை நாள்தோறும் ஒப்பித்து ஒப்பித்து, நீலக் கோட்டு என்றால் பாவப்பட்டவள், எச்சில் தின்றவள் என்று எனக்கே ஊறிப்போய்விட்டது. நம் வீட்டுக் கொடியில் காய்கிறபோது அந்தக் கோட்டைப் பார்த்து நான் ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை. என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்காமல்தான் தலை வாருகிறேன்.

நீ அந்தப் பெண்ணிடம் "ஆமாம்மா" என்று சொன்னபோது உன் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தது! உனக்கு அவ்வளவு சின்னக் குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

அடுத்த கட்டில்காரிக்கு நீ யார் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. அன்றைக்குச் சாயங்காலம் பல் தேய்க்கிற இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். "எங்க அம்மா ஒரே ஒரு தடவை அந்த வாசல்ல வந்து நிக்க மாட்டாங்களான்னு இருக்கு எனக்கு. நீ வந்தவங்களைப் போய்..." என்றாள். முடிக்கவில்லை. வாயில் இருந்த நுரையைத் துப்பினாள், தொட்டியில்தான். ஆனால் என் மேல் பட்டது போல இருந்தது. கட்டிலை இழுத்து அந்தச் சுவரோரம் போட்டுக்கொண்டுவிட்டாள். இன்றுவரை பேசவில்லை.

சாரிடம் போனேன். எனக்கு அந்தக் கட்டுரை வேண்டாம், சொந்தமாக எழுதிக்கொள்கிறேன் என்றேன். "உன் இங்கிலீஷுக்குச் சொந்தமா எழுதினா பாஸ்கூட ஆக மாட்ட. நர்சிங் சீட்டு வேணுமா, வேணாமா?" என்றார். பொய் சொல்லவில்லை அம்மா. நான் மழைநாளில் விழுந்தவள். அந்த மனப்பாடத்தைக் கக்கினால் தேறுவேன். இல்லாவிட்டால் உன் மெஷினுக்குப் பக்கத்து மெஷின்தான் எனக்கு. "நீ இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தா மேல வார்டுக்கு வா, கீழ சலவைக்கு வராதே" என்று சொன்னவள் நீ.

என்ன எழுதட்டும், சொல்லு. சாகடிக்கச் சொன்னால் சாகடிக்கிறேன், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். நீயே சொல்லிவிடு.

எலி


வீடு,
பிப்ரவரி 20

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே ஒரு மெஷின் பழுது, வேலை ஏறிக் கிடக்கிறது, அதனால் தாமதம்.

என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டிருக்கிறாய். இது நல்ல வேலையாக இருக்கிறதே! கத்தியையும் நீட்டிவிட்டு, குத்தட்டுமா வேண்டாமா என்று என்னையே கேட்பாயா? உன் அம்மா இருந்தால் கேட்டுக்கொள். நான் அத்தை, ஒட்டியும் ஒட்டாமலும் இருப்பவள். பரீட்சைத் தாள் உன்னுடையது, கையும் உன்னுடையது.

சோற்றை மட்டும் வேண்டாம் என்று தள்ளாதே. அந்த ஆளுக்காக உன் வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை.

அத்தை


விடுதி,
மார்ச் 14

அம்மாவுக்கு,

இன்று ஆங்கிலத் தேர்வு முடிந்தது. மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

தலைப்பு என்ன தெரியுமா? 'கைபேசி: நன்மைகளும் தீமைகளும்'. கேள்வித்தாளைத் திருப்பியதும் கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு கேட்டது. சார் அதற்கும் வழி சொல்லிக்கொடுத்திருக்கிறார். கைபேசியால் தூரத்து உறவுகளோடு பேசலாம், அது நன்மை. விடுதியில் இருக்கும்போது ஒரு நாள் கைபேசி ஒலித்தது, என் தாய் இறந்துவிட்டாள் என்றார்கள், அது தீமை. எல்லோர் பேனாவும் ஒன்றாக ஓட ஆரம்பித்தது. கூடம் பூராவும் உனக்கு இருமல்.

நானும் ஆரம்பித்துவிட்டேன், அம்மா. பொய் சொல்லமாட்டேன். சொந்தமாக எழுத வேண்டும் என்று உள்ளே போனவள்தான். தாளைப் பார்த்ததும் மழைநாள் ஞாபகம் வந்துவிட்டது. கை அது பாட்டுக்கு ஓடியது. இருட்டோடு எழுந்தாய், உழைத்தாய், இருமினாய். அடுத்து எச்சில் வரி வந்தது. அங்கே கை நின்றுவிட்டது. எவ்வளவு தள்ளினாலும் நகரவில்லை. உன் சாக்கடை ஓரம்தான் கண்ணுக்குள் வந்தது. பிஸ்கட் பாக்கெட் என்று எழுதினேன். 'பிரிக்காத' என்பதற்கு எனக்கு ஆங்கிலத்தில் வார்த்தை தெரியவில்லை. 'புதிய' என்று போட்டேன். புதிய பிஸ்கட் பாக்கெட்டை நானும் அம்மாவும் சிரித்துக்கொண்டே தின்றோம்.

அதை எழுதிய பிறகு உன்னை ரத்தம் கக்க வைக்க முடியவில்லை. பிஸ்கட் தின்று சிரித்துக்கொண்டிருக்கிறவள் எப்படி உடனே ரத்தம் கக்குவாள்? கடைசிப் பத்திக்கு வந்தேன். கைபேசி ஒலித்தது என்று எழுதினேன். எடுத்தேன் என்று எழுதினேன். அந்தப் பக்கம் நர்ஸ் பேச வேண்டும். நீ பேசினாய்.

என் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள், அவள் அங்கே வேலை செய்கிறாள், நோயாளி இல்லை என்று எழுதினேன். மெஷின் சத்தத்தில் கத்தினாள். சாப்பிட்டாயா, காலுறை போட்டாயா, இரண்டு ஜோடி கொடுத்தேனே, எங்கே தொலைத்தாய் என்று திட்டினாள். அம்மா திட்டுவது கேட்கும், இது கைபேசியின் நன்மை. அம்மா திட்டுவது கேட்கும், இது கைபேசியின் தீமை. இப்படி முடித்தேன். எனக்குத் தெரிந்த வார்த்தைகள் அவ்வளவுதான். எத்தனை தப்பு இருக்கும் என்று தெரியவில்லை. இருமலை மட்டும் அடித்து நீக்க நேரமில்லை, மணி அடித்துவிட்டது. மன்னித்துக்கொள். இருமலோடு இருக்கிறாய்.

வெளியே சார் நின்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கடைசிப் பத்தி எழுதினியா?"

"எழுதினேன் சார். அம்மா பிழைச்சுட்டாங்க."

"அறிவிருக்கா உனக்கு? பிழைச்சா யாரு அழுவாங்க?"

எனக்கு அவர் சட்டைப் பையில் நான்கு பேனா சொருகியிருந்ததுதான் தெரிந்தது. எவ்வளவு பேரை இன்னும் சாகடிப்பாரோ என்று நினைத்தேன்.

அடுத்த கட்டில்காரி தலைப்பை எழுதி, அடிக்கோடு போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கட்டுரை முழுவதும் வெறும் பக்கம். வெளியே வந்ததும் நான் என்ன எழுதினேன் என்று கேட்டாள், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக. சொன்னேன். காலுறை வந்த இடத்தில் லேசாகச் சிரித்தாள். பிறகு போய்விட்டாள்.

தேறுவேனா என்று தெரியவில்லை. 28ஆம் தேதி விடுதியைக் காலி செய்ய வேண்டும். பெட்டி தூக்க யாராவது வர வேண்டும் என்று வார்டன் சொன்னார். நான் யாரை எழுதிக் கூப்பிடுவது?

எலி


வீடு,
மார்ச் 19

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதத்தைச் சலவைப் பிரிவில் நானே படித்துக் காட்டினேன். தமிழ்தானே, யார் தயவும் வேண்டியிருக்கவில்லை. புதிய பிஸ்கட் பாக்கெட் வந்ததும் வண்டி தள்ளுகிற அக்கா, "அப்பவே நினைச்சேன்" என்றார். ஒன்றும் நினைக்கவில்லை, சும்மா சொல்கிறார். ஆனால் அன்றைக்கு என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். இருமலுக்கு இஸ்திரிக்காரர் மாத்திரை கொண்டுவந்து கொடுத்து மானத்தை வாங்குகிறார்.

தேறாவிட்டால் மறுபடி எழுதலாம். அது ஒரு பெரிய விஷயமில்லை. அந்த சார் பிழைப்பு அப்படி, அவரைப் பேசி என் வாயை நான் அழுக்காக்கிக்கொள்ளப் போவதில்லை.

ஆனால் ஒன்று. பரீட்சைத் தாளில் என்னைப் பிழைக்க வைத்திருக்கிறாய், சந்தோஷம். அதைப் படிக்கப் போகிறவர் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து திருத்துகிறவர். அவருக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. நீ என்னைச் சாகடித்தது அவர் முன்னால் இல்லை.

28ஆம் தேதி காலை வேலை முடித்து நேராக வருகிறேன். நீலக் கோட்டோடுதான் வருவேன். அன்றைக்குப் பெட்டியும் படுக்கையுமாக வாசலில் எல்லோரும் நிற்பார்கள், பெற்றவர்கள், வார்டன், சமையல்காரி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்தப் பெண், எல்லோரும். காவலாளி யாரு, என்ன உறவு என்று கேட்பார். நான் வாயைத் திறக்கமாட்டேன். நீ வந்து சொல்ல வேண்டும். மெஷின் ஓடும்போது நான் பேசுகிற சத்தத்தில் சொல்ல வேண்டும். உன் அடுத்த கட்டில்காரியைப் பக்கத்தில் வைத்துக்கொள். அவளுக்கும் ஒரு ஜோடி காலுறை எடுத்து வருகிறேன்.

நீ சொல்வது என் காதில் விழும் வரைக்கும்,

இப்படிக்கு,
உன் அத்தை